ஓரத்தில் தொடங்கும் போர்வை: ஹளியாள் பக்கம் போய் வந்த குறிப்புகள்

2025 ஜனவரி 16, வியாழன். ஹூப்ளி

விடிந்தும் விடியாததுமாக ஹூப்ளியில் இறங்கினேன். உலகிலேயே நீளமான நடைமேடை இந்த ஸ்டேஷனில்தான் இருக்கிறது. 1,507 மீட்டர், 2023இல் திறந்தார்கள். என் பெட்டி ரயிலின் கடைக்கோடியில். பையைத் தூக்கிக்கொண்டு வெளிவாசலுக்கு வருவதற்குள் ஒரு காலை நடைப்பயிற்சியே முடிந்துவிட்டது. குளிர் நன்றாகவே இருந்தது. சென்னையில் மார்கழி முழுக்க வெளியே எடுக்காத ஸ்வெட்டரை இங்கே காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

லாட்ஜில் குளித்துவிட்டுத் தெருவில் இறங்கினால் வடை சட்டிக்குப் பக்கத்தில் கிர்மிட். பொரியை வெங்காயம், தக்காளி, புளி, மஞ்சளோடு பிரட்டி, மேலே பொட்டுக்கடலை மாவும் கொத்தமல்லியும் தூவித் தருகிறார்கள். கூடவே ஒரு மிளகாய் பஜ்ஜி. 40 ரூபாய். காலையிலேயே பொரியா என்று யோசிக்கத் தேவையில்லை, வயிறு நிறைந்துவிடுகிறது. பரிமாறிய அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ரீ’ போட்டு முடித்தார். "கூட்ரீ, தகோரீ." உட்காருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசும் ஊர் எனக்கு உடனே பிடித்துப்போகும்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சில ஆண்டுகளாகக் குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தபோது போய்ப் பார்த்து, அதிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். நான் கற்றுக்கொண்டது மேலைநாட்டு வழி. ரோட்டரி கட்டர் என்ற சக்கரக் கத்தியால் துணியைச் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். கால் அங்குலம் விட்டு மெஷினில் இணைத்து மேல்துணியைத் தயார் செய்ய வேண்டும். அப்புறம் நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல், கடைசியில் நான்கு ஓரத்துக்கும் பட்டி. எல்லாவற்றையும் முதலிலேயே கட்டம்போட்ட தாளில் வரைந்துகொள்வோம். எத்தனை துண்டு, எந்த நிறம் எங்கே என்பது வெட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

இதில் ஒன்றுமே செய்யாமல் தைக்கிற போர்வை ஒன்று வட கர்நாடகத்தில், ஹளியாள் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி. வெட்டி இணைப்பது, பஞ்சு வைப்பது, பட்டி கட்டுவது என்று தனித்தனி வேலையே கிடையாது. எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் கை எப்படிப் போகிறது என்று பிடிபடவில்லை. அதனால்தான் நேரில் வந்தேன்.

மதியம் கானாவளியில் (இந்தப் பக்கத்துச் சாப்பாட்டு மெஸ்) சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், நிலக்கடலைப் பொடி, தயிர், பச்சை வெங்காயம். 90 ரூபாய்க்கு ரொட்டி போட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவரிடம் போர்வை பார்க்கப் போகிறேன் என்றதும், எங்கள் வீட்டிலும் கௌதி இருக்கிறதே என்றார். பழம்புடவைகளை அடுக்கி மேலே ஒட்டுத்துணி வைத்துத் தைப்பது இந்தப் பக்கம் எல்லாச் சாதியிலும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா என்று இந்தக் குடும்பம் பெரியது. "இப்போது யார் தைக்கிறார்கள்? மருமகள் சோலாப்பூர் போர்வை வாங்கிவிட்டாள்" என்றார். அதில் வருத்தம் எதுவும் இல்லை. கதகதப்பாக இருக்கிறதாம்.

ஜனவரி 17, வெள்ளி. ஹளியாள்

தார்வாடில் பேடா வாங்கிக்கொண்டு ஹளியாள் பஸ் ஏறினேன். 2025 ஜனவரி 5ஆம் தேதியிலிருந்து கர்நாடக பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியிருந்தது. ஆனால் பஸ்ஸில் முக்கால்வாசி பெண்கள், அவர்களுக்கு 2023 ஜூனிலிருந்து டிக்கெட் இலவசம். கண்டக்டர் என்னிடமும் ஆதாரைக் கேட்டார். சென்னை முகவரியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இல்லையே அக்கா" என்று ஏதோ அவரே தவறு செய்துவிட்டதைப் போலச் சொல்லி டிக்கெட் கிழித்தார்.

பாதி வழியில் பஸ் புகைந்து நின்றது. ரேடியேட்டர். மாற்று பஸ் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். அத்தனை பேரும் இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். யாரும் கத்தவில்லை. ஒரு தாத்தா மடியிலிருந்து வேகவைத்த நிலக்கடலையை எடுத்துச் சுற்றியிருந்த எல்லாருக்கும் கைநிறைய அள்ளிக் கொடுத்தார். நான் பேடா டப்பாவைத் திறந்தேன். அதற்கப்புறம் அது ஒரு கல்யாண வீட்டுத் திண்ணை போல ஆகிவிட்டது. மாற்று பஸ் வந்தபோது தாத்தாவுக்குத்தான் முதலில் இடம் பிடித்தார்கள்.

ஹளியாளில் கடைத்தெருவில் ஒரு தையல்கடை. வாசலில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துண்டுகள். கிலோ 30 ரூபாய், காட்டன் மட்டும் பொறுக்கினால் 60. தையல்காரர் சொன்னார்: சித்திப் பெண்கள் வந்தால் மூட்டையை அப்படியே கொட்டிவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்குவார்களாம். "நைலக்ஸைத் தொட மாட்டார்கள். ஊசி இறங்காது, துவைத்தால் வழுக்கும் என்பார்கள். ஆனால் பளபளப்பாக ஒரு சிவப்பு கிடைத்தால் மட்டும் விட மாட்டார்கள்." நான் இரண்டு கிலோ காட்டன் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று பெங்களூரில் ஒரு சிநேகிதி சொல்லி அனுப்பியிருந்தாள். இங்கே ஒரு குடும்பத்தை எனக்கு அறிமுகம் செய்துவைத்ததும் அவள்தான்.

ஹளியாளுக்கும் எல்லாபூருக்கும் நடுவில் காட்டோரம் அந்தக் குடியிருப்பு. ஊர் பெயரும் தங்கள் பெயரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இருட்டும் நேரத்தில் ஜீப் இறக்கிவிட்டது. வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். "ஊட்டா ஆத்தேன்ரீ?" சாப்பாடு ஆச்சா என்றுதான் முதல் கேள்வி. சிவப்பரிசிக் கஞ்சி, வடுமாங்காய் ஊறுகாய், சுட்ட கருவாடு. ராத்திரி போனில் 14 டிகிரி காட்டியது. கீழே ஒரு கவந்தி, மேலே ஒரு கவந்தி. முதலில் கனமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கனம்தான் சுகமாக இருந்தது. கம்பளியின் அரிப்பு இல்லை, பஞ்சு ஒரு பக்கம் திரண்டு போவதும் இல்லை. உள்ளே பஞ்சே கிடையாது. புடவை, அதன்மேல் ஒட்டு, கிழிந்த இடத்தில் இன்னொரு ஒட்டு, அவ்வளவுதான்.

ஜனவரி 18, சனி. அதே ஊர்

இன்று நாள் முழுக்க வாசல் திண்ணையில்.

காலை வேலை முடிந்து பத்து மணிக்கு மேல் அக்கா உட்கார்ந்தார். காலை நீட்டி, ஒரு பழைய நூல் புடவையை இரண்டாக மடித்துத் தரையில் விரித்தார். இதுதான் அடித்துணி. நான் கொண்டுபோன துண்டுகளைக் கொட்டியதும் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து பொறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். அளவுகோல் இல்லை, சாக்பீஸ் இல்லை. கத்தரிக்கோல்கூட அரிதாகத்தான் வெளியே வந்தது. பாதித் துண்டுகளைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு இழுத்தால் நேராகக் கிழிந்துவிடுகிறது. காட்டன் என்பதால் இழை வழியே போகும்.

இனி கை போன விதம். அடித்துணியின் ஒரு மூலையில் முதல் ஒட்டை வைத்தார். அதன் வெளி விளிம்பை உள்ளே மடித்தார், அடித்துணியின் விளிம்பையும் அதோடு சேர்த்து மடித்துக்கொண்டார். இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து ஓரத்தை ஒட்டியே நூலோட்டம். பட்டி கட்டும் வேலை இங்கேயே முடிந்துவிட்டது. நான் ஒரு குவில்ட்டில் கடைசியாகச் செய்வதை இவர் முதலிலேயே செய்துவிடுகிறார். ஒட்டின் உள் விளிம்பு மட்டும் பிசிராகத் திறந்தே கிடக்கும். அடுத்த ஒட்டின் மடித்த விளிம்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்து பிசிரை மூடும். நூல் எங்கும் நிற்பதில்லை. ஒரு ஓரம் முழுக்கப் போய், மூலையில் திரும்பி, அடுத்த ஓரம், அதற்கடுத்த ஓரம் என்று சுற்றிவந்து, முதல் வரிசைக்கு உள்ளே இரண்டாவது வரிசையாக ஓட ஆரம்பிக்கிறது. சுற்றச் சுற்ற நடுவை நோக்கிச் சுருங்கும். ஒவ்வொரு வரிசையும் ஒட்டையும் அடித்துணியையும் சேர்த்தே குத்தி எடுப்பதால், ஒட்டு வைப்பதும் போர்வையைத் தைத்துக் கெட்டிப்படுத்துவதும் ஒரே தையலில் முடிந்துபோகிறது.

வரிசைக்கு வரிசை அரை அங்குலம் இருக்கலாம். சில இடத்தில் இன்னும் நெருக்கம். ஒரு தையல் அரிசி நீளம், அடுத்தது அதில் பாதி. கொஞ்ச தூரம் ஓடியதும் துணி லேசாகச் சுருங்கி, கையில் தடவினால் நெளிநெளியாகத் தட்டுப்படுகிறது. அக்காவின் ஊசி பெரிது, நம் கோணி ஊசிக்கு ஒரு படி சின்னது. நூல் வெள்ளை, இரட்டையாகக் கோத்தது. ஒரு தடவைக்கு ஏழெட்டுத் தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டுதான் இழுக்கிறார். இழுத்ததும் கட்டைவிரலால் அந்த வரிசையை ஒரு நீவு நீவுகிறார். துணி சமனாவது அந்த நீவலில்தான். என் கையில் கொடுத்து ஒரு வரிசை ஓடச் சொன்னார். என் தையல் சின்னதாகவும் ஒரே அளவாகவும் விழுந்தது. எந்த வரிசை யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. பிரிக்கவில்லை, அதை ஒட்டியே அடுத்த வரிசையை ஓட்டிக்கொண்டு போனார்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய மகள் மொழிபெயர்த்தாள். இவர்கள் வீட்டில் பேசுவது கொங்கணி கலந்த பேச்சு, வெளியே கன்னடம். ஹளியாள் பக்கத்து முஸ்லிம் சித்திகள் உருதுவும் பேசுவார்கள். அக்கா பதில் சொல்லவில்லை, காட்டினார். கையில் இருந்த பச்சைக் கட்டத்தை வைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், எடுத்தார், மஞ்சளை வைத்தார், அதில் பாதியைக் கிழித்துப்போட்டுவிட்டு மீதியைத் தைத்தார். அடுத்த ஒட்டு எது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு யோசனை சொன்னார். ஏற்றுக்கொண்டார். நடுவில் என்ன வரப்போகிறது என்பது இப்போது யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான். ஓரம் உறுதியாகிவிட்டதால் நடுவில் தாராளமாக இருக்கலாம். எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய பாடம் இது. நான் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு துணியை அதற்குக் கீழ்ப்படிய வைக்கிறேன். இங்கே கையில் இருக்கும் துண்டுதான் அடுத்ததைத் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு மூலையிலும் சின்னச் சதுரத்தை முக்கோணமாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கிறார்கள். ஃபூலா என்கிறார்கள், பூ. அடுக்கிய முக்கோணங்கள் மூலையிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது எதற்கும் பயன்படாது. ஆனால் அது இல்லாத கவந்தியை யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். "துணியில்லாமல் ஆளை வெளியே அனுப்புவது மாதிரி" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். நடுவில் கடைசி ஒட்டை மூடுவதற்கு முன் நாலைந்து அரிசி மணிகளை உள்ளே போடும் வழக்கமும் உண்டு. எல்லா வீட்டிலும் இல்லை. வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று அக்காவின் அம்மா போடுவாராம்.

சித்திகளில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு. கிறிஸ்தவர் வீட்டுக் கவந்தியில் சிலுவையும் முஸ்லிம் வீட்டில் பிறையும் வருவதுண்டு. ஆனால் திண்ணைக் கொடியில் கிடந்த ஏழெட்டுப் போர்வைகளைப் பார்த்து இது யார் வீட்டுது என்று மதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கையை வைத்துச் சொன்னார்கள். அக்கா ஒன்றைத் தொட்டு, இது என் நாத்தனார் தையல், அவசரக்காரி என்றார்.

இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். மொசாம்பிக் பக்கமிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். கோவாவிலிருந்து தப்பியவர்கள் மலையேறி இந்தக் காடுகளுக்குள் வந்தார்கள். இன்று பலர் பாக்குத் தோட்டங்களில் கூலி வேலை பார்க்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2003இல்தான். 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார், அவர்களில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அக்காவின் மகள் இதைச் சொல்லும்போது முதுகு நேரானது.

ஆப்பிரிக்கத் தொடர்பு என்றதும் கவந்தியை நேராக அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குவில்ட்டோடு கோத்துப் பேசுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கும் நெஞ்சு துள்ளும். ஆனாலும் எனக்கு அவசரம் இல்லை. ஒட்டுப்போர்வை தக்காணம் முழுக்கத் தைக்கப்படுவது. ஹூப்ளிக் கல்லாப் பெரியவர் வீட்டிலும் உண்டு. இந்தப் பெண்கள் வந்த இடத்தில் இருந்ததை எடுத்து, நிறத்திலும் வேகத்திலும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்று சொல்வதே அவர்களுக்குப் போதிய பெருமை.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் ஓடையில் கவந்தி துவைத்தார்கள். நனைந்த போர்வையை ஒரு ஆள் தூக்க முடியாது. இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்க, நான் நடுவில் பிடித்துக்கொண்டேன். கை கால் விறைத்துவிட்டது. வெயில் ஏறியதும் பாறைமேல் விரித்தார்கள். தையல் நெருக்கமாக இருந்தால்தான் இந்த அடி தாங்கும். வரிசை ஏன் அரை அங்குலத்துக்கு மேல் விலகுவதில்லை என்பது ஓடையில்தான் புரிந்தது.

மதியம் பணம் பற்றிப் பேசினோம். குழந்தைக் கவந்தி ஒன்றுக்கு அக்காவுக்கு 1,500 கிடைக்கும், பெரியதற்கு 5,000. பெரியது தைக்க, பாக்கு வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்தால்கூட ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். வெளியூர் ஆர்டர் வருகிறது. ஆனால் வருகிறவர்கள் துணியையும் சேர்த்து அனுப்புகிறார்கள், எல்லாம் புதுத் துணி, பழுப்பு, சாம்பல், கருநீலம். "சிவப்பு போடாதே என்று சொல்லி அனுப்பினார்கள்" என்றாள் மகள். அக்கா அதைத் தைத்துக் கொடுத்தார், காசும் வந்தது. "அதைத் தைக்கும்போது தூக்கம் வந்தது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு குழந்தைக் கவந்தியை எடுத்துவந்தார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா, அதன்மேல் யாரோ ஒருவரின் பள்ளிச் சட்டைக் கட்டம், ஓரமாக ஜரிகைத் துண்டு. பேரன் பிறந்தபோது தைத்தது. நான் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

வெளியாட்கள் வந்ததால் கெட்டது மட்டும்தான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 2000களின் தொடக்கத்தில் ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் இங்கே வந்து இந்தப் போர்வைகளைப் பற்றி ஆராய்ந்தார். அவரும் துணை நின்று பெண்களுக்கு ஒரு கூட்டுறவு தொடங்கியது. 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் சுவரில் தொங்கின. மார்கரெட் ஃபாப்ரிசியோ என்ற கலைஞர் இந்த முறையைக் கற்றுத் தன் வேலையில் கையாண்டார். இன்று ‘கவந்தி முறை’ என்று பல நாடுகளில் வகுப்பு எடுக்கிறார்கள். தாளில் வரையாமல் கையில் வருவதைத் தைப்பது நவீனக் குவில்ட்காரர்களுக்கு இப்போது பெரிய ஈர்ப்பு. வகுப்புக்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு காசாவது இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் எண்ணம். முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லைதான். ஆனால் கற்றுக்கொடுத்த கை யாருடையது என்று தெரியும்போது, தெரியாததுபோல இருக்கக் கூடாது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஆற்று வளைவு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2006இல் அமெரிக்கத் தபால்தலையில் வந்தன. புகழ் வந்த பிறகு எங்களுக்கு உரியது வரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் சிலர் 2007இல் வழக்குப் போட்டார்கள், பின்னால் சமரசமாக முடிந்தது. 2021இலிருந்து அங்குள்ள பலர் தங்கள் பெயரிலேயே இணையத்தில் கடை வைத்து விற்கிறார்கள். இதை மகளிடம் போனில் காட்டினேன். அம்மாவுக்குப் படங்களைக் காட்டினாள். அக்கா ஒரு குவில்ட்டைப் பெரிதாக்கச் சொல்லி, ஜீன்ஸ் துணியில் ஊசி எப்படி இறங்கியது என்று கேட்டார். விலையை மகள்தான் கேட்டாள். ரூபாயில் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முன் நான் ஒரு பெரிய கவந்தி கேட்டேன். துணி அவர்கள் விருப்பம், நிறம் அவர்கள் விருப்பம். விலை 9,000 என்று நான் சொன்னதும் அக்கா மகளைப் பார்த்தார். மகள் கணக்குப் போட்டாள்: ஐம்பது நாள், நாளைக்கு நாலு மணி நேரம். மணிக்கு 45 ரூபாய்தான் வருகிறது. 10,000 என்றாள். சரி என்றேன். இன்னொன்றும் கேட்டேன்: பின்பக்க மூலையில் அக்காவின் பெயரைத் தைக்க வேண்டும். அக்காவுக்கு எழுதத் தெரியாது. மகள் அடுப்புக்கரியால் துணியில் கன்னடத்தில் எழுத, அக்கா அதன்மேலேயே நூலோட்டம் போட்டுப் பார்த்தார். மூன்றாவது எழுத்தில் சுழி பெரிதாகிவிட்டது. பரவாயில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரே முடிவு செய்தார்.

ஜனவரி 20, திங்கள். முண்ட்கோட்

ஜீப்பில் முண்ட்கோட். இங்கேயும் சித்திக் குடியிருப்புகள் உண்டு, ஆனால் இன்று யாரும் வீட்டில் இல்லை, பாக்கு அறுவடை. திபெத்தியர் குடியிருப்புக்குப் போனேன். 1966இல் அமைந்தது. காடு வெட்டிச் சோளம் விதைத்த இடத்தில் இன்று பெரிய மடாலயங்கள். மோமோ தட்டு 80 ரூபாய், துக்பா என்ற நூடுல்ஸ் சூப் 100. மதியம் நல்ல வெயில், சாயந்திரம் மறுபடியும் குளிர். ஒரு மடாலயத்தில் உத்தரத்திலிருந்து தொங்கிய பட்டுத் தோரணங்களும் ஒட்டுத்துணி வேலைதான், முக்கோணமும் சதுரமுமாக. வாசலில் இருந்த இளம் பிக்கு நான் தையலை அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்து, விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்து வலி இன்னும் இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய். பெங்களூர்

ராத்திரி பஸ்ஸில் தூக்கமே இல்லை. சென்னை ரயிலுக்கு நேரம் இருந்ததால் கைவினைப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். சுவரில் ஒரு பெரிய கவந்தி. விலைச்சீட்டில் 16,500. சாம்பலும் கருநீலமும். தைத்தது யார் என்று கேட்டேன். பழங்குடிப் பெண்கள் என்றார் விற்பனைப் பெண். எந்த ஊர்? வட கர்நாடகம். பெயர்? அந்தத் தகவல் எங்களுக்கு வருவதில்லை மேடம் என்றார். அவர் மேல் குற்றமில்லை. திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன், ஏணி கொண்டுவந்து அவரே இறக்கித் தந்தார். பின்பக்கம் புதுக் காடாத் துணி, கடையின் பெயர் அச்சிட்ட பட்டி. தையலைத் தடவினேன். வரிசைகள் ஓரத்தில் நிதானமாகப் போய், நடுவை நெருங்க நெருங்க நீளமாகி, விலகி ஓடின. அலுப்போ, அவசரமோ. அது ஒரு ஆளுடைய கை. ஹளியாள் பக்கத்தில் எந்தத் திண்ணையில் காட்டினாலும் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

கடையின் மேலாளரிடம் இதைச் சொன்னேன். வாடகை, வரி, போக்குவரத்து என்று விலைக்குக் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை, கடை நடத்துவது லேசான காரியமில்லை. பெயர்ப் பட்டிக்கு என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டேன். அச்சடிக்க ஒன்றுக்கு 4 ரூபாய் என்றார். அடுத்த முறை சரக்கு வரும்போது கேட்டு வாங்குகிறேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மார்ச்சில் மறுபடியும் பெங்களூர் வரும் வேலை இருக்கிறது, போய்ப் பார்ப்பேன்.

என் கவந்தி மே மாதத்துக்குள் முடியும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். மழை பிடிப்பதற்கு முன் ஒரு தடவை துவைத்து, வெயிலில் காயவைத்து அனுப்புவாராம். முன்பணம் 4,000 கொடுத்திருக்கிறேன். பார்சல் செலவு தனி, 300 ரூபாய் ஆகும் என்று இன்று காலை மகள் போன் செய்து சொன்னாள்.